கெட்டி கரண்டு

கால் இடிக்குதுங்களா தம்பி? சித்தெ பொறுங்க, நானு இதை இக்கட்டால எம் பக்கமா இழுத்து வச்சுக்கறேன். நொம்பக் கனமுங்க. மேல வைக்கலாம்னா கண்டக்டர் வேண்டாமுங்கறாரு, யாரு தலையிலயாச்சும் உளுந்தா நானா பதில் சொல்றதுங்கறாரு. அவர் சொல்றதும் நாயந்தான். ஸ்டெபிலைசருங்க. பிரிஜ்ஜுக்கு வைப்பாங்கல்ல, அதுல பெரிய சைஸு. ஆனா இது பிரிஜ்ஜுக்கு இல்லீங்க, கம்ப்யூட்டருக்கு. எம் பொண்ணு பெங்களூர்ல இருக்கறா, சிந்துஜான்னு பேரு, அவ கம்ப்யூட்டருக்கு.

அங்க கரண்டு நல்லாத்தான் இருக்கும்ங்கறீங்களா? இருக்குதாமுங்க. அங்க போனதுலருந்து பொட்டி ஒருக்கா கூட ஆஃப் ஆகலியாமா. அதானுங்க எனக்கு வெசனமே.

நீங்க எதுவரைக்கும்? ஓசூருங்களா. அப்பச் செரி. பேசறதுக்கு வழி கெடக்குது. உங்களுக்குத் தூக்கம் வந்தா தூங்கிக்கங்க, நானு ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன். எனக்குத்தான் இப்பெல்லாம் கண்ணை மூடுனாலும் தூக்கம் வர்றதில்ல. உடம்பு அசந்து போச்சுங்க தம்பி. உடம்பா மனசான்னு கேட்டா அதுவும் சொல்லத் தெரியல.

நமக்குச் சோமனூர்ப் பக்கமுங்க. பேரு சென்னியப்பன். எட்டுத் தறி வச்சிருக்கறேன், கைத்தறி இல்லீங்க, விசைத்தறி. கரண்டுல ஓடறது. ஆள் கீளெல்லாம் வச்சுக்கறதில்ல, நானும் எங்கூட்டுக்காரி தெய்வானையுந்தான் ஓட்டறோம். வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் நடுவால ஒரே செவுரு. எட்டுத் தறியும் ஓடுச்சுன்னா பக்கத்துல நின்னு கத்துனாலும் கேக்காதுங்க. நானும் அவளும் முப்பது வருசமா கையிலயே பேசிக்கறோம். சோறு வேணும்னா இப்புடி, நூல் அந்துருச்சுன்னா இப்புடி. சண்டையும் கையிலயேதான் போட்டுக்கறோம், அது ஒரு விதத்துல நல்லதுங்க, வார்த்தை தடிக்காது பாருங்க.

இந்தச் சத்தத்துக்குத்தான் எங்கூர்ல ஒரு பழக்கம். வீட்டுக்கு ஒரம்பரை, விருந்தாளின்னு ஆராச்சும் வந்துட்டா மொதல்ல தறிய நிறுத்தீருவோம். வந்தவங்க வாயத் தொறந்து ஒரு பேச்சுப் பேசோணுமல்லங்க? தறிய ஓட விட்டுட்டு வாங்கன்னு கூப்புட்டா, என்றா இவன் மதிக்க மாட்டேங்கறான்னு நெனைச்சுப்போடுவாங்க. தபால்காரர் வந்தாக் கூட நானு நிறுத்தித்தான் போடுவேன். மரியாதைன்னு ஒண்ணு இருக்குதுல்லங்க.

எங்க உட்டேன்? ஆங், பொண்ணு. ஒரே பொண்ணுங்க. இஞ்சினீரு படிச்சா, பெங்களூர்ல கம்பெனி வேலை. அப்பறம் ஊட்டுல இருந்தே வேலை பண்ணுங்கன்னு எல்லாத்தையும் ஊருக்குத் தாட்டி உட்டாங்க பாருங்க, அப்ப வந்தவ. அந்தக் காலந்தானுங்க நானு நல்லா இருந்தது. காத்தால காப்பி குடிக்கறப்ப எதுத்தாப்புல ஒக்காந்திருப்பா. கம்முனுதான் இருப்பா, போனைப் பாத்துட்டு. ஆனா இருப்பாளல்லங்க? அது போதும் எனக்கு.

அப்ப வாங்குனதுதான் அந்தக் கம்ப்யூட்டர். கம்பெனி வேலைக்கு இல்லீங்க, ஆட்டத்துக்கு. அஞ்சு பேரு ஒரு கட்சி, எதுத்தாப்புல அஞ்சு பேரு, சுட்டுக்கறாங்க. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ஊர்ல இருந்துட்டே ஆடுவாங்களாமா. சின்னப் புள்ளைக சமாச்சாரம்னு நெனைச்சேன். அதுக்குப் போட்டி இருக்குது, பந்தயம் இருக்குது, சம்பளம் குடுத்து ஆட வைக்கறதுக்குக் கம்பெனியே இருக்குதுங்கறா. இவதான் அவ கட்சிக்குத் தலைவி. இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் நில்லுன்னு இவ சொல்றதை மத்த நாலு பேரும் கேக்கறாங்க, அதுல மூணு ஆம்பளைப் பசங்க! வீட்டுல கறிவேப்பிலை வாங்கிட்டு வாம்மான்னா காது கேக்காது, அங்க என்ன அதிகாரங்கறீங்க!

பொட்டி பாத்தீங்கன்னா ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளாற செகப்பு, பச்சை, நீலம்னு மாரியம்மன் நோம்பிக்குச் சீரியல் பல்பு போட்டாப்புல மின்னீட்டுக் கெடக்கும். ‘அப்பா, இது எச்சாக் கரண்டு இழுக்குமுங்கப்பா, எனக்குத் தனியா ஒரு நல்ல லைன் வேணும்’னா. எம் பொண்ணு எங்கிட்ட ஒண்ணு வேணும்னு வாயத் தொறந்து கேட்டது அதுதானுங்க. வேற எதுவும் கேட்டதில்ல.

இப்ப நீங்க ஓசூர்ல எறங்கிப் போயிருவீங்க, உங்களுக்கு நானு யாரு, எனக்கு நீங்க யாரு. அதனால சொல்றேன். வீட்டு லைன் சோதா லைனுங்க. மிக்ஸி போட்டா டியூப்லைட்டு கண்ணடிக்கும். அதுல போயி அவ பொட்டிய மாட்டறதா? தறி லைனு அப்புடி இல்ல. மூணு பேஸு. எட்டுத் தறிய நாள் முச்சூடும் இழுக்கற கரண்டுங்க அது, கெட்டி கரண்டு. அவ ஒருநாள் கோயமுத்தூர் போயிருந்தப்ப, நானே ஏணி போட்டு ஏறி, குடோன் மெயின்லருந்து கூரைச் சீட்டுக்கு அடியால பைப் வச்சு, செவுத்துல ஓட்டை போட்டு, அவ ரூமுக்கு இழுத்துக் குடுத்துட்டேன். பைப்புக்குச் செவுத்துக் கலர்லயே பெயிண்டும் அடிச்சுட்டேன். ஆரும் கண்டுபுடிக்க முடியாது. தறி லைன்ல யூனிட்டு சல்லிசு, அதுக்காகப் பண்ணுனேன்னு நெனைச்சுக்காதீங்க. சல்லிசுதான், அது வேற.

ஆனா அதை வெளிய சொல்ல முடியாதுங்க. தறி சர்வீஸ்லருந்து வீட்டுக்கு இழுக்கக் கூடாது, ஆபீசருங்க பாத்தா வம்பு. அதனால நானு தெய்வானைகிட்டயும் சொல்லல, பொண்ணுகிட்டயும் சொல்லல. வெளிய சொல்லக் கூடாத சங்கதிய வீட்டுலயும் சொல்லக் கூடாதுங்க. பொம்பளைக போன்ல பேசறப்ப வாய் தவறி உட்ருவாங்க.

வச்ச கொஞ்ச நாள்லயே நோக்காடு ஆரம்பிச்சுருச்சு. ஆடீட்டே இருப்பா, படக்குனு எல்லாம் ஆஃப். ஆரோ ஒயரைப் புடுங்குன மாதிரி. அப்பறம் அதுவாவே மறுக்கா எந்திரிச்சு வரும், அதுக்குள்ள ஆட்டம் போயிருக்கும். படம் பாத்தா ஒண்ணும் ஆகாது, கம்பெனி வேலை பண்ணுனா ஒண்ணும் ஆகாது. ஆட்டத்துல, அதுவும் எச்சாக் கரண்டு இழுக்கற எடத்துலதான் போகும். ‘அய்யோ!’ன்னு ஒரு சத்தம் அவ ரூம்லருந்து வரும். தறி ஓடறப்ப அது எனக்குக் கேக்காதுங்க, தெய்வானை வந்து கையில சொல்லுவா, மறுக்கா போயிருச்சுன்னு இப்புடி.

மொதல்ல பஞ்சுன்னு நெனைச்சோம். தறிக்காரன் வீடுங்க, எங்க பாத்தாலும் பஞ்சு பறக்கும், சோத்துலயே கெடக்கும். பொட்டியத் தொறந்தா உள்ளாற இருக்கற காத்தாடியெல்லாம் நரைச்ச தலையாட்ட வெள்ளையா இருக்குது. நானே புளோயர் வச்சு ஊதுனேன், தறிக்கு ஊதற புளோயர்தான். ‘அப்பா மெதுவாங்கப்பா, அப்பா மெதுவாங்கப்பா’ன்னு பக்கத்துலயே நின்னா. சுத்தமாச்சு. மக்யா நாளு மறுக்கா ஆஃப்.

அப்பறம் சூலூர்லருந்து சபரீசுன்னு ஒரு தம்பி வந்தாரு, கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்கறவரு. நல்ல மனுசன். வந்த ஆளை வாசல்ல நிக்க வச்சுட்டுத் தறி ஓட்டறதுங்களா? நிறுத்திப் போட்டேன். காப்பி குடுத்தோம். ஆட்டத்தைப் போட்டுப் பாத்தாரு, பாத்தாரு, பாத்துட்டே இருந்தாரு. கல்லாட்ட ஓடுது. ஒரு சிமிட்டுச் சிமிட்டல. ‘நல்லாத்தானே ஓடுது?’ன்னுட்டு அவர் வண்டிய எடுத்துட்டுப் போனாரு, நானு போயித் தறிய எடுத்து ஓட உட்டேன், அவர் வண்டி தெரு முக்குத் திரும்பறதுக்குள்ள ஆஃப். டாக்டரைப் பாத்தா காய்ச்சல் ஓடிப் போற மாதிரிதானுங்க அதுவும்.

மறுக்கா வந்தாரு. மறுக்கா நிறுத்துனேன். மறுக்கா நல்லா ஓடுச்சு. எனக்கே சங்கடமாப் போச்சுங்க, அந்தத் தம்பிய வேலையத்துப் போயி அலைய உடறமேன்னு. ‘எஸ்.எம்.பி.எஸ்.ஸா இருக்குமுங்ண்ணா’ன்னாரு. அதாவது பொட்டிக்குள்ள கரண்டை வாங்கிப் பிரிச்சுக் குடுக்கற டப்பா. அது வீக்கா இருந்தா எச்சா இழுக்கறப்ப மூச்சு முட்டி நின்னு போகுமாமா. சரின்னு இருக்கறதுலயே பெரிய டப்பாவாப் பாத்து மாத்துனோம். அவர் கடையில வச்சு நாள் முச்சூடும் ஓட்டிப் பாத்தாரு. ஓடுச்சு. வீட்டுக்குக் கொண்டாந்தோம். கொண்டாந்து மாட்டி, அவ ஆட்டத்துல ஒக்காந்து, நானு தறிய எடுத்து... அவ்வளவுதான். அந்த டப்பாவும் கெட்டுப் போன டப்பாவாத்தான் இருந்திருக்குதுங்க. இப்ப எங்கீங்க நல்ல சாமான் வருது?

அப்பறம் யூ.பி.எஸ். வச்சாங்க. பேட்டரி உள்ள பொட்டி, கரண்டு போனாலும் தாங்கிக்குமாமா. கெரகம், அது ஒரு பெரிய தொந்தரவுங்க! எப்பப் பாத்தாலும் கீ... கீ... கீ...ன்னு கத்துது. டக்கு டக்குங்குது. கரண்டு எங்கயும் போகலீங்க, தறி பாட்டுக்கு ஓடீட்டு இருக்குது, இது கெடந்து கத்துது. கொஞ்ச நாள்ல பேட்டரியும் செத்துப் போச்சு. சபரீசு தம்பி வந்து பாத்தப்பக் கம்முனு இருக்குதுங்க அது! பச்சைப் புள்ளையாட்ட. ‘யூ.பி.எஸ்.ல கொறையில்லீங்ண்ணா, லைன்லதான் என்னமோ ஏறி எறங்குது, அதான் கத்துது’ன்னாரு. லைன்லயா? எம்படத் தறி லைன்லயா? எனக்குச் சுருக்குனு ஆயிப்போச்சுங்க. ஆனை படுத்தாலும் குதிரை மட்டம். தறி லைன் எத்தனை டல்லடிச்சாலும் வீட்டு லைனுக்கு மேலதான். ஆனா அதை அவர்கிட்ட எப்புடிச் சொல்றது? அவர் போனதும் அந்தக் கத்தற சனியனைக் கழட்டித் திருப்பிக் குடுத்துட்டேன்.

தறி எடுக்கறப்பக் குடோன் பல்பு ஒரு சிமிட்டுச் சிமிட்டுமுங்க. எட்டு மோட்டாரும் ஒட்டுக்கா எந்திரிக்குதுல்ல. அது தறிக்காரன் வீட்டு வழக்கம், ஆரும் அதைக் கண்டுக்கறதில்ல.

கேளுங்க. அவ கட்சிக்காரப் பசங்க அவளுக்கு ரோசனை சொல்லியிருக்காங்க. ‘உங்க வீட்டுல தறி இருக்குதுல்ல, மோட்டார் ஓடற லைன்ல பொட்டிய மாட்டியிருக்கறயா பாரு’ன்னு. எங்கிட்ட வந்து கேட்டா. ‘அப்பா, எம் ரூமுக்கு லைன் தறி மெயின்லருந்தா வருது?’ இவளுக்கு எப்புடித் தெரிஞ்சுது, அப்ப அந்தப் பசங்களுக்கும் தெரியும், நாலு பேரும் நாலு ஊரு, எங்க போயி முடியுமோன்னு பயந்துட்டேன். ‘இல்ல கண்ணு, வீட்டு லைன்தான்’னேன். ‘சரிங்கப்பா’ன்னுட்டுப் போயிட்டா.

மறுக்கா சபரீசு தம்பி கேட்டாரு. என்னைக் கேக்கல, அவளைக் கேட்டாரு, நானு பக்கத்துல நின்னுட்டு இருந்தேன். ‘ஒயரிங்கை ஒருக்கா மேல ஏறிப் பாத்தறலாமுங்களா?’ன்னாரு. அவதான் சொன்னா, ‘வேண்டாமுங்ண்ணா, அது வீட்டு லைன்தான், எங்கப்பாவே சொல்லிட்டாரு. எங்கப்பா சொன்னாச் சொன்னதுதான்’ன்னா. அவர் என்னைப் பாத்தாரு. ‘ஆமாங்க தம்பி, வீட்டு லைன்தான்’னேன். அன்னைக்கு எனக்கு எத்தனை பெருமையா இருந்துச்சுன்னு நெனைக்கறீங்க! எம் பேச்சுக்கு அவ அத்தனை மதிப்பு வச்சிருக்கறா. இந்தக் காலத்துல எந்தப் புள்ளைங்க அப்புடி வைக்குது?

இதுக்கு நடுவால கம்பெனிக்காரன் எல்லாரும் பெங்களூருக்கே வந்து வேலை பாருங்கன்னுட்டான். நானு பயந்துட்டே இருந்தது வந்துருச்சு. அவ என்ன பண்ணுனா தெரியுங்களா? வேலைய உட்டுட்டா. ‘அப்பா, ஒரு பெரிய போட்டி வருது. அதுல ஜெயிச்சோம்னா எங்க கட்சிய ஒரு கம்பெனி எடுத்துக்கறாங்க. மாசச் சம்பளம். நானு இங்கயே இருந்து ஆடிக்கலாம். தோத்தா மறுக்கா பெங்களூர்ல போயி வேலை தேடிக்கறேன்’ன்னா. தெய்வானை ஒப்பாரி வச்சா, சாதகத்தை எடுக்கலாம்னு சொன்னா. நானு கம்முனு இருன்னுட்டேன். ஜெயிச்சா ஊட்டுல இருப்பா. அவ்வளவுதானுங்க எனக்கு. அந்த ஆட்டத்துல ஆரு ஆரைச் சுட்டா எனக்கென்ன, எம் பொண்ணு ஊட்டுல இருக்கோணும். மாகாளியம்மனுக்கு நேந்துக்கிட்டேன், சொன்னா நம்ப மாட்டீங்க.

போட்டி அன்னைக்கு நானாவே தறிய நிறுத்துனேங்க. ஆரும் சொல்லல. அவ காதுல மாட்டிப் பேசறதுல தறிச் சத்தம் போகக் கூடாதுன்னு. வேன்காரன் சாயங்காலம் வந்து துணி எடுக்கறேன்னு சொல்லியிருந்தான், துணி பாக்கி நிக்குது, இருந்தும் நிறுத்துனேன். காத்தால ஆரம்பிச்சு ஆடுனா. ஒருக்கா கூடப் பொட்டி நிக்கலீங்க! மத்தியானச் சோத்துக்கு எந்திரிச்சு வந்து நின்னுட்டே தின்னா, மூஞ்சியெல்லாம் சிரிப்பு. ‘கடைசி ஆட்டத்துக்கு வந்துட்டமுங்கப்பா’ன்னா. நானு மாகாளியம்மனை நெனைச்சுக் கும்புட்டேன்.

பொழுது சாயற நேரம். வேன்காரன் போன் மேல போன் போடறான். நானு குடோனுக்கும் அவ ரூமுக்கும் நடந்துட்டே கெடந்தேன். அப்ப உள்ளருந்து ஒரு சத்தம் போட்டா பாருங்க, ‘ஏ... சூப்பர்டா!’ன்னு! தெய்வானை கதவிடுக்குல பாத்துட்டு ஓடியாந்து சொல்றா, ‘சிரிக்கறாளுங்க, கையத் தட்டறா, ஜெயிச்சுட்டா’ன்னு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. சரி, சாமி கண்ணத் தொறந்துருச்சு, நாம நம்ம சோலியப் பாக்கலாம்னு போயி மெயினைப் போட்டு எட்டுத் தறியவும் ஒட்டுக்கா எடுத்துட்டேன்.

ஜெயிக்கல. ஆட்டத்துல ஒரு கட்டந்தான் ஜெயிச்சிருக்கறா. இன்னும் ஒண்ணே ஒண்ணு இருந்திருக்குது.

சித்த நேரத்துல குடோன் வாசல்ல வந்து நின்னா. காதுல மாட்டற அதைக் கழுத்துல போட்டுட்டு. என்னமோ சொன்னா. தறிச் சத்தத்துல கேக்கல. என்ன கண்ணுன்னு கையில கேட்டேன். அவ மேலயே பாத்துட்டு இருந்தா. நானும் மேல பாத்தேன், பல்லி கில்லி இருக்குதான்னு. அப்பறம் செவுத்தைப் புடிச்சாப்புல மெதுவா நடந்து மெயின் போர்டு வரைக்கும் வந்தா, நின்னா, திரும்பிப் போயிட்டா. நானு நெனைச்சேன், ஜெயிச்ச சந்தோசத்துல புள்ளைக்குக் காலு தரையில நிக்க மாட்டேங்குதுன்னு. தெய்வானை வந்து சொன்னப்பறந்தான் தெரியும், கடைசிக் கட்டத்துல பொட்டி ஆஃப் ஆயிருச்சு, தலைவி இல்லாம நாலு பேரு தடுமாறித் தோத்துட்டாங்கன்னு. நானு தறிய நிறுத்திப்போட்டு அப்புடியே ஒக்காந்துட்டேனுங்க. நாள் முச்சூடும் நல்லா ஓடுன பொட்டி! அந்த ஒரு கட்டத்துக்குத் தாங்கக் கூடாதா? என்ன பாவம் பண்ணுனமோன்னு இருந்துச்சு.

சோறு திங்கறப்ப அவ அழுவான்னு பாத்தேன். அழுகல. தட்டத்தைப் பாத்துட்டே கேட்டா, ‘அப்பா, எம் ரூமுக்கு லைன் எங்கிருந்துங்கப்பா வருது?’

‘வீட்டு லைன்தான் கண்ணு’ன்னேன்.

தலை நிமுந்து என்னைப் பாத்தா. கோவமெல்லாம் இல்லீங்க. என்னமோ காத்துட்டு இருக்கற மாதிரி பாத்தா. ‘வீட்டு லைன்தான், நாந்தானே இழுத்தேன்’னு மறுக்காவும் சொன்னேன். ‘சரிங்கப்பா’ன்னுட்டுக் கையக் கழுவப் போயிட்டா.

அந்த வாரமே கெளம்பீட்டா. பொட்டியத் துணி சுத்திக் கட்டி, காருல பின்னால வச்சு, சின்னப் புள்ளையப் புடிச்சாப்புலப் புடிச்சுட்டே போனா. அங்க ஒரு ரூம்ல இருக்கறாளாமா. வேலையும் கெடைச்சுருச்சு. சாயங்காலத்துல ஆடறாளாமா. பொட்டி ஒருக்கா நின்னதில்லையாமா. அதே பொட்டி, அதே டப்பா! எனக்கு மொதல்ல புரியவே இல்லீங்க. அப்பறம் ரோசிச்சேன். அங்க குளுருல்லங்க? சூடே ஆகாது. அதான். எங்கூரு சூட்டுக்குத்தான் அது நின்னிருக்குது. இது தெரியாம நாம டப்பாவ மாத்தி, பஞ்சை ஊதி, என்னென்னமோ பண்ணியிருக்கறோம். இப்ப என்ன நெனைச்சிருக்கறேன்னா, அவ ரூமுக்கு ஒரு ஏ.சி. போட்டுறலாம்னு. தறி லைன்லயே இன்னொரு பைப் இழுத்துட்டாத் தீந்துச்சு. அதைச் சொல்லிக் கூட்டியாறலாம்னுதான் போறேன். வர்ற வரைக்கும் அங்க இருக்கட்டும்னு இந்த ஸ்டெபிலைசரு.

போன்ல பேசலாமல்லன்னு கேக்கறீங்க. போன் எங்கீங்க பண்றா? அம்மாகிட்டப் பேசுவா. நானு பக்கத்துல போயி வாங்குனா ‘சாப்டீங்களாப்பா’, ‘சாப்டேன் கண்ணு’, ‘சரிங்கப்பா’. வச்சுருவா. முன்னால ஏதாச்சும் ஒண்ணுன்னா, தண்ணி மோட்டார் வாங்கறதுல இருந்து, ‘அப்பா நீங்க சொல்லுங்க’ம்பா. இப்ப ஒண்ணுமே கேக்கறதில்ல. நானு என்ன பண்ணேன்னே தெரியலீங்க தம்பி. அதைத்தான் நானும் நாள் முச்சூடும் ரோசிக்கறேன், தறி ஓடறப்பவும் அதேதான், நின்னாலும் அதேதான். இருக்கறதுலயே கெட்டி கரண்டாப் பாத்துக் குடுத்தேன். அவளுக்காக ஏணி ஏறுனேன். அவளுக்காகத் தறிய நிறுத்துனேன். எந்தத் தறிக்காரன் பொண்ணு ஆட்டம் ஆடறாள்னு தறிய நிறுத்துவான்?

இன்னைக்குக் காத்தால பஸ் ஏறறப்பத்தாங்க தெய்வானை சொன்னா. இத்தனை நாளாச் சொல்லல. பஸ்ஸு வந்து நிக்குது, நானு இந்தக் கனத்தைத் தூக்கீட்டு ஏறறேன், அப்பக் கையப் புடிச்சுட்டுச் சொல்றா, ‘ஏனுங்க, இதை எதுக்குங்க தூக்கீட்டுப் போறீங்க. அவ அன்னைக்கே பாத்துட்டாளுங்க. பைப்பைப் பாத்துட்டே வந்து, தறி மெயின்ல போயி முடியறதைப் பாத்துட்டு, அப்பறந்தான் உங்களைக் கேட்டாளாமா’ன்னு. கண்டக்டர் விசில் ஊதிட்டாரு. ஏறி ஒக்காந்தவன் அவினாசி தாண்டற வரைக்கும் அதையேதான் நெனைச்சுட்டு வந்தேன், அப்பறந்தான் நீங்க வந்து ஒக்காந்தீங்க.

ஏனுங்க தம்பி, தெரிஞ்சுட்டு எதுக்குங்க ஒருத்தரைக் கேக்கறது? பாத்தாள்ல, ‘அப்பா இது தறி லைனு, ஏன் பொய் சொன்னீங்க’ன்னு வெடுக்குனு கேட்டிருக்கலாம். ரெண்டு சத்தம் போட்டிருக்கலாம், ஏன், நாலு நாள் பேசாம இருந்திருக்கலாம். நானு மாத்தியே குடுத்திருப்பேன். ஒண்ணும் சொல்லாம, தட்டத்தைப் பாத்துட்டு, எங்கிருந்துங்கப்பா வருதுன்னு கேட்டா, நானு என்னன்னு நெனைக்கறது?

நீங்க கேக்கறது புரியுதுங்க. இன்னைக்குப் போயி ஒக்காந்ததும் அவ கேட்டான்னா என்ன சொல்லுவீங்கன்னுதானே? கேப்பாளோ மாட்டாளோ. கேட்டாப் பரவாயில்லைன்னு இருக்குது எனக்கு, கேக்காமப் போயிருவாளோன்னுதான் பயமா இருக்குது. ஆனா கேட்டா, வீட்டு லைன்னுதானுங்க சொல்லோணும். வேற என்ன பண்றது? இத்தனை தடவை அப்புடியே சொல்லியாச்சு. எங்கப்பா சொன்னாச் சொன்னதுதான்னு நாலு பேர்த்துகிட்டச் சொன்ன புள்ளைங்க அவ. இப்பப் போயி நானு மாத்திச் சொன்னேன்னு வைங்க, அப்பறம் எம் பேச்சை அவ எப்புடிங்க நம்புவா?